777 போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கம்ப்யூட்டர் கேள்வி பதில் பகுதியில் கொண்டலாம்பட்டி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஃபைல் சர்வராக வைத்திருக்கிறாராம். நேற்றுவரை மற்ற கம்ப்யூட்டர்களில் திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை, என்ன செய்யலாம் என்பது கேள்வி. பதில் நாலே வரியில் வந்திருந்தது. ஃபயர்வாலை (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல் மென்பொருளை) நிறுத்துங்கள். ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுங்கள். சம்பாவில் பழைய எஸ்எம்பி 1-ஐ இயக்கிவிடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் ரவுட்டரில் 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

இந்த நாலில் ஒன்றுகூடப் பழுது எங்கே என்று கேட்கவில்லை. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவரோடு சண்டையும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் அந்தத் துண்டைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அப்படியே செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு ஃபோல்டர் திறக்கவில்லை. சிலருக்குத் திறந்துவிட்டது; எனக்கு அவர்களைப் பற்றித்தான் கூடுதல் கவலை.

நான் பொன்னம்மாப்பேட்டையில் வீட்டோடு சேர்த்து டிசைன் சென்டர் நடத்துகிறேன். பார்டர், முந்தி, புட்டா வரைந்து, தறியில் அந்த டிசைனை விழவைக்கும் ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுப்பது தொழில். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். எலக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்கள் அட்டை கேட்பதில்லை, பென் டிரைவில் ஃபைலாக வாங்கிப் போவார்கள். ஒரு முந்தி வரைந்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்கு ஓடிய பார்டரை நாலைந்து வருஷம் கழித்து, “அதே பார்டர்தாம்மா, கலர் மட்டும் வேற” என்று ஜவுளிக்காரர் வந்து நிற்பார். அதனால் எல்லா டிசைனும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டரில் டெபியன் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய மெஷினிலும் சளைக்காமல் ஓடும்.

அதிலிருக்கும் ஃபோல்டரை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குக் காட்டுகிற வேலையைச் செய்வது சம்பா என்கிற இலவச மென்பொருள். அதற்காக இரண்டும் பேசிக்கொள்ளும் பாஷை எஸ்எம்பி; எஸ்எம்பி 1 அதன் பழைய பதிப்பு, 445 அது வந்து போகும் வாசல் எண் (போர்ட்). 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதை எழுதினார். உள் விவரங்களை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கேபிளில் என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்த்துப் பார்த்தே எழுதினார். அவர் எழுதிய பொருளைச் சரிசெய்யும்போதாவது நாம் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கை வைக்கலாம்.

பாவில் இழை அறுந்தால் தறி நின்றுவிடும். அதற்காக யாரும் பாவையே வெட்டி எறிவதில்லை, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறோம். சர்வரிலும் தேட வேண்டிய வரிசை ஒன்று உண்டு. கேபிள், முகவரி, சம்பா ஓடுகிறதா, பாஸ்வேர்டு, அனுமதி, டிஸ்க். கீழேயிருந்து மேலே போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் பார்க்க வேண்டிய அனுமதியை முதலில் தொட்டால் ஓடிக்கொண்டிருந்ததும் கெடும்.

கேபிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; சுவிட்சில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் எரிகிற விளக்கும் ஏமாற்றும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளில் உள்ள நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். மற்ற இரண்டில் ஒரு ஜோடியை எலி கடித்துவிட்டால் இணைப்பு அறாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நொடிக்கு 110 மெகாபைட் போன ஃபைல் 11-இல் ஊர்ந்தால் சம்பாவைத் திட்ட வேண்டாம், கேபிளை மாற்றுங்கள். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளை இப்போதைய வேகத்தைச் சொல்லிவிடும். தறி ஓடும் வீடாக இருந்தால் சுவிட்சு பெட்டியின் ஓட்டைகளில் பஞ்சுத்தூசி அடைத்திருக்கும், அதையும் ஊதிவிடுங்கள்.

அடுத்தது முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள எண். நம் ஊரில் பாதிப் பழுது இங்கேதான். இன்டர்நெட் கம்பெனிக்காரர் ஒரு பெட்டி மாட்டிவிட்டுப் போவார். பின்கட்டுக்கு சிக்னல் வரவில்லை என்று நாமே கடையில் இன்னொரு வைஃபை ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டுவோம். முதல் பெட்டி 192.168.1 வரிசையில் முகவரி கொடுக்கும், இரண்டாவது 192.168.0 வரிசையில். வீட்டுக்குள்ளேயே இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டது. இதில் குழப்பம் என்னவென்றால், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும். சர்வர் முதல் பெட்டியில் இருந்தால், இரண்டாவது வைஃபையில் இருக்கும் லேப்டாப் சர்வரின் எண்ணைப் போட்டுத் திறந்துவிடும். சர்வர் இரண்டாவது பெட்டியில் இருந்தாலோ, முதல் பெட்டியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படாது. “மாடியில திறக்குது, கீழ திறக்கல” என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது வீட்டில் எத்தனை ரவுட்டர் என்றுதான். இரண்டாவது பெட்டியை, சிக்னலை மட்டும் பரப்பும் ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். அதில் அந்த வசதி இல்லையென்றால், அதன் டிஹெச்சிபியை (முகவரி பங்கிடும் வேலையை) அணைத்து, முகவரியை முதல் பெட்டியோடு மோதாமல் வைத்து, கேபிளை வான் (இன்டர்நெட் வரும்) ஓட்டையில் செருகாமல் லான் (வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான) ஓட்டையில் செருகலாம். ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கும் போனுக்கும் சர்வர் தெரியாது. அது பழுது இல்லை, அதன் வேலையே அது.

சர்வரில் அதன் முகவரியைக் காட்டும் ஐபி ஏ என்ற கட்டளையை அடித்துப் பார்க்கையில் 169.254 என்று தொடங்கும் முகவரி மட்டும் இருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேரவில்லை என்று பொருள். உங்கள் நாளிதழில் ‘நாளை மின்தடை’ என்று ஊர்ப் பட்டியல் போடுகிறீர்களே, (கம்ப்யூட்டர் பகுதியைவிட எனக்கு அதுதான் உபயோகம்) அதில் எங்கள் பகுதி வந்த நாளின் சாயங்காலம் இந்தப் புகார் வரும். கரண்ட் வந்ததும் ரவுட்டர், சுவிட்சு, சர்வர் எல்லாம் ஒன்றாக எழும். சர்வருக்கு முகவரி கிடைக்கத் தாமதமாகலாம், அல்லது நேற்று 20 என்று முடிந்த முகவரி இன்று 23 ஆகியிருக்கலாம். சர்வர் நன்றாகத்தான் இருக்கும். விண்டோஸில் போட்டு வைத்த ஷார்ட்கட் பழைய எண்ணைத் தேடி நிற்கும். ரவுட்டருக்குள் போய் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் சர்வருக்கென்று ஒரு முகவரியை எழுதி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கொண்டலாம்பட்டி வாசகருக்கு ‘நேற்றுவரை திறந்தது’ என்றால், என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான்.

‘நெட்வொர்க்’ என்று சொடுக்கினால் சர்வர் பெயர் வருவதில்லை, அதனால் சர்வர் செத்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தப் பட்டியல் பழைய எஸ்எம்பி 1 காலத்து ஏற்பாட்டில் ஓடியது. விண்டோஸ் 10-இல் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐ மைக்ரோசாஃப்ட் படிப்படியாக விலக்கிவிட்டது. பட்டியலில் பெயர் வராவிட்டால் என்ன? முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு எண்ணை அடியுங்கள், திறக்கும். பெயர் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் சர்வரில் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். இதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்பக் கொண்டுவரச் சொல்வது அநியாயம்.

முகவரி சரி, பிங் வருகிறது (கூப்பிட்டால் சர்வர் பதில் சொல்கிறது), ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இது. சர்வரில் உட்கார்ந்தே, எஸ்எம்பிகிளையன்ட் என்ற கட்டளையால் அதே சர்வரின் பட்டியலைக் கேளுங்கள். அங்கேயே வரவில்லை என்றால் குற்றம் சம்பாவில். டெஸ்ட்பார்ம் அடித்தால் அமைப்பு ஃபைலில் எந்த வரி தப்பு என்று காட்டிவிடும். அங்கே வந்து வெளியிலிருந்து வரவில்லை என்றால், நடுவில் ஃபயர்வால். அப்போதும் அதை நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வரிசைக்கு மட்டும், அதாவது 192.168.1.0/24-லிருந்து வருபவர்களுக்கு மட்டும், 445ஆம் போர்ட்டை அனுமதித்து ஒரு வரி எழுதினால் போதும். நிறுத்துவதற்கும் ஒரு வரிதான், இதற்கும் ஒரு வரிதான்.

பாஸ்வேர்டு விஷயத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. லினக்ஸில் நுழையும் பாஸ்வேர்டு வேறு, சம்பாவின் பாஸ்வேர்டு வேறு. எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையால் தனியாகப் போட வேண்டும். விண்டோஸைத் திறக்கும் நாலு இலக்கப் பின் நம்பர் இங்கே செல்லாது. பழைய பாஸ்வேர்டை விண்டோஸ் தன் கிரெடென்ஷியல் மேனேஜரில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நீட்டும். அதை அழித்துவிட்டு மறுபடி நுழையுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்காத ‘கெஸ்ட்’ முறையில் வைத்திருந்தவர்களுக்கு, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியதும் ஃபோல்டர் திடீரென்று மூடிக்கொண்டது. ப்ரோ பதிப்பில் கெஸ்ட் நுழைவை மைக்ரோசாஃப்டே தடுத்துவிட்டது. அதற்கு மருந்து, பயனர் பெயர் போட்டு பாஸ்வேர்டு வைப்பதுதான்.

இனி 777. அந்த எண்ணில் முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 7 என்றால் படிக்கலாம், எழுதலாம், உள்ளே நுழையலாம் (ஃபைல் என்றால் இயக்கலாம்). ஆக 777 என்றால் யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் இடத்தில் அட்டை குத்தும் பையன் தவறுதலாக டெலீட் பொத்தானைத் தட்டினாலும் முந்தி போய்விடும்.

ஆபத்தைக்கூட விடுங்கள். பல வீடுகளில் 777 வேலையே செய்யாது. சர்வரில் மாட்டியிருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸில் ஃபார்மேட் ஆனது, என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட். அந்த டிஸ்க்குகளுக்கான அனுமதி பொதுவாக அவற்றை மவுண்ட் செய்யும்போது (லினக்ஸோடு இணைக்கும்போது) எழுதும் வரியிலிருந்து வருகிறது. அதில் யார் பெயருக்கு என்று எழுதியிருக்கிறதோ அவருக்குத்தான். அனுமதியை மாற்றும் கட்டளையான சிஹெச்மோட் 777 என்று அடித்தால் திட்டாது, மறுக்காது, ஒன்றும் நடக்காது. அதுபோக, அந்த டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வந்திருந்தால் இன்னொரு வம்பு. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். டிஸ்க்கையும் அதே நிலையில் விட்டு வைக்கும். லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, படிக்க மட்டும் விடுவேன், எழுத விடமாட்டேன் என்று நின்றுகொள்ளும். அது நியாயமான பிடிவாதம். டிஸ்க்கைத் திரும்ப விண்டோஸில் மாட்டி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி, முழுசாக ஷட்டவுன் செய்து கொண்டுவந்தால் எழுதும்.

எங்கள் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் இதே பழுதுக்கு, “அக்கா, லினக்ஸத் தூக்கிட்டு விண்டோஸ் போட்டுருங்க, ஒரு நிமிஷத்துல எழுதும்” என்றான் அங்கே இருந்த தம்பி. எழுதும்தான். ஏன் எழுதவில்லை என்பது அவனுக்கு அப்போதும் தெரிந்திருக்காது.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஃபோல்டர் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். பெரும்பாலும் ஃபைல் எதுவும் அழிந்திருக்காது. வெளி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, அவ்வளவுதான். லினக்ஸில் டிஸ்க் ஒரு காலி ஃபோல்டரின் மேல் வந்து உட்காருகிறது. டிஸ்க் வராத நாளில் அந்தக் காலி ஃபோல்டர் அப்படியே தெரியும், சம்பா அதையே எல்லோருக்கும் காட்டும். எந்த டிஸ்க் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கை எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயரால் எழுதியிருந்தால், இன்னொரு யுஎஸ்பி செருகியிருக்கும்போது பெயர் மாறி இப்படி ஆகும். யுயுஐடி என்ற நீள எண்ணால் எழுத வேண்டும், அது மாறாது.

இந்த நேரத்தில்தான் அவசரம் கூடாது. காலியாக இருக்கிறதே என்று பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொட்டினால் அது டிஸ்க்கில் விழாது, சர்வரின் சிறிய உள் டிஸ்க்கில் விழும். அது நிரம்பினால் பாஸ்வேர்டு மாற்றக்கூட இடமில்லாமல் சர்வர் தடுமாறும். பிறகு நிஜ டிஸ்க் வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கொட்டியதெல்லாம் அதன் அடியில் மறைந்து போகும், இடம் மட்டும் குறைந்தே இருக்கும். இதைவிட மோசம், சர்வரைப் பார்த்து அப்படியே நகல் எடுக்கும் பேக்கப் இருக்கிறதே, அது ‘சர்வரில் ஒன்றும் இல்லை’ என்று பார்த்துவிட்டு பேக்கப்பையும் காலி செய்துவிடக்கூடும். எங்கள் சர்வரில் டிஸ்க்கின் உள்ளே ஒரு அடையாள ஃபைல் வைத்திருக்கிறோம். அது கண்ணில் பட்டால்தான் பேக்கப் ஓடும். ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால் முதலில் டிஎஃப் -ஹெச் என்று அடித்து டிஸ்க் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முன் எதையும் காப்பி செய்யாதீர்கள், அழிக்காதீர்கள். இந்தச் சமயத்தில் 777 போட்டால், அது அந்தக் காலி ஃபோல்டருக்குத்தான் போய்ச் சேரும்.

எஸ்எம்பி 1-க்கு வருகிறேன். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது; இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. அது கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, திருத்தம் வெளியிட்டிருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள். லினக்ஸில் வைரஸ் வராது என்று நெஞ்சை நிமிர்த்துபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதே மே மாதம் சம்பாவிலும் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ள யாராக இருந்தாலும், ஒரு ஃபைலை உள்ளே வைத்து அதைச் சர்வரையே இயக்க வைக்க முடிந்தது. எழுத அனுமதி உள்ளவர்! பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட்டுக்கும் சேர்த்து 777 போட்டு வைத்த வீட்டில் அந்த ‘உள்ளவர்’ யார்? எவரும். திருத்தம் உடனே வந்துவிட்டது. 2019-இல் வந்த சம்பா 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாகவே அணைந்திருக்கிறது.

ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு நிஜமான சிக்கல் ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் அட்டை குத்தும் மெஷினின் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும் ஓடும், அதற்கான டாங்கிளும் (மென்பொருளைத் திறக்கும் சாவிக் கருவி) அப்படித்தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு கை கழுவிவிட்டது. அதற்கு எஸ்எம்பி 1 தவிர வேறு பாஷை தெரியாது. மெஷினை மாற்றலாம் என்றால் விலை கேட்டாலே தலை சுற்றும். சேலத்தில் எத்தனையோ பட்டறைகளில் இதே கதைதான்.

எங்கள் வழி இது. சர்வரில் கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு செருகி, அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் நேராக எக்ஸ்பிக்குப் போகிறது. அந்தக் கேபிளுக்குத் தனி முகவரி வரிசை, கேட்வே (வெளியே போகும் வழி) கிடையாது. எக்ஸ்பிக்கு இன்டர்நெட்டும் தெரியாது, மற்ற கம்ப்யூட்டர்களும் தெரியாது. சர்வர் தன் பக்கம் எஸ்எம்பி 1-ஐத் திறக்கவே இல்லை. அதற்குப் பதில் எக்ஸ்பியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்து, சர்வரே அங்கே போய் அதை மவுண்ட் செய்து (மவுண்ட் வகை சிஐஎஃப்எஸ், பதிப்பு 1.0 என்று குறிப்பிட்டு) குத்த வேண்டிய டிசைனை வைத்துவிட்டு வருகிறது. போகிற திசையை மாற்றிவிட்டால் பழைய பாஷை அந்த ஒற்றைக் கேபிளோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: புதுக் கார்டு செருகியதும் பழைய கார்டின் பெயர் ஈஎன்பி2எஸ்0 என்பதிலிருந்து ஈஎன்பி3எஸ்0 என்று மாறிவிடலாம். பெயர் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை வைத்து வருவதால் அப்படி. அமைப்பு ஃபைலில் பழைய பெயர் இருந்தால் சர்வருக்கு மொத்தமாக நெட்வொர்க் இருக்காது. கீபோர்டு, மானிட்டரை மாட்டி வைத்துக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

கடைசியாக 445. என் அக்கா மகன் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இருக்கிறான். காப்பித் தோட்ட வேலை குறைந்த மாதங்களில் எங்களுக்கு புட்டா வரைந்து கொடுப்பான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து பென் டிரைவ் கொடுப்பதை விட்டுவிட்டு, அங்கிருந்தே சர்வரில் போட்டுவிடலாம் என்றான். உங்கள் பதில்படி 445-ஐ ரவுட்டரில் திறந்தால், ஊரிலுள்ள அவனுக்கு மட்டும் திறக்காது, உலகத்துக்கே திறக்கும். அந்த எண்ணைத் தட்டிப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் புரோகிராம்கள் ராப்பகலாகச் சுற்றுகின்றன. அதுபோக, இப்போது பல வீட்டு இணைப்புகளில் திறந்தாலும் பயனில்லை. ரவுட்டரில் இன்டர்நெட் முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், கம்பெனிக்காரர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார் என்று பொருள். வெளியிலிருந்து தட்டுவது நம் வாசலுக்கு வந்தே சேராது.

நாங்கள் ஐபிவி6 (இப்படிப் பங்கிடத் தேவையில்லாத புதிய முகவரி முறை) வழியாக ஒயர்கார்டு போட்டோம். அது இன்டர்நெட்டுக்குள் சாவி போட்ட தனிப் பாதை. 2020-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 5.6-லிருந்து அது உள்ளேயே இருக்கிறது. சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது, அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. போட்டதும் அவன் போன் செய்தான்: “சித்தி, பிங் வருது, ஃபோல்டரும் திறக்குது. சின்ன ஃபைல் போகுது. பெரிய ஃபைல் மட்டும் பாதியில நிக்குது.”

இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்து வந்தால் எம்டியூவைப் (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை) பாருங்கள். கேபிளில் போகும் ஒரு பொட்டலத்துக்கு 1500 பைட் வரை அளவு. எங்கள் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ என்ற முறையில் போவதால் அதில் 8 பைட் அதற்கே செலவாகி 1492-தான் மிச்சம். ஒயர்கார்டின் உறை ஐபிவி6-இல் 80 பைட் எடுக்கும். சர்வருக்கு ரவுட்டருக்கு அப்பால் இருக்கும் 1492 தெரியாது; 1500-லிருந்து 80 கழித்து 1420 என்று தானே வைத்துக்கொண்டது. எட்டு பைட் அதிகம். பிங், ஃபோல்டர் பட்டியல், சின்ன ஃபைல் எல்லாம் சின்னப் பொட்டலங்கள், போய்விடும். பெரிய ஃபைல் வரும்போது பொட்டலம் முழு அளவில் நிரம்பி வழியில் விழுகிறது. ‘பெரிதாக இருக்கிறது’ என்று திரும்ப வர வேண்டிய சேதியையும் நடுவில் ஏதோ ஒன்று தடுத்திருந்தால், இரண்டு பக்கமும் காத்துக்கொண்டே இருக்கும். உடைக்கக் கூடாது என்று சொல்லி ஒயர்கார்டுக்கு வெளியே பிங்கைப் பெரிய அளவில் அனுப்பிப் பார்த்தோம். 1452 போகவில்லை, 1444 போனது. 48 பைட் தலைப்பைக் கூட்டினால் 1492 கணக்கு சரி. ஒயர்கார்டு எம்டியூவை இரண்டு பக்கமும் 1412 ஆக்கினோம், முந்தி முழுசாக இறங்கியது. இதற்கு ஃபயர்வாலை நிறுத்தியிருந்தாலும், 777 போட்டிருந்தாலும், எஸ்எம்பி 1-ஐ எழுப்பியிருந்தாலும் ஒரு பைட்டும் நகர்ந்திருக்காது.

மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பங்களாவிலிருந்து ஸ்டோருக்கு வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். ஏப்ரல், மே மாத மழையில் இடி இறங்கினால் சுவிட்சின் போர்ட்டையும் சர்வரின் கார்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். 100 மீட்டரைத் தாண்டினால் செம்புக் கேபிள் எப்படியும் சரிவராது. கட்டடம் விட்டுக் கட்டடம் போவதற்கு ஃபைபர் போடுங்கள்.

ஏற்கெனவே அந்தப் பதில்படி செய்துவிட்டவர்களுக்காக, இதையாவது அச்சில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் ரவுட்டரில் 445-க்கு எழுதியதை அழியுங்கள். சம்பா அமைப்பு ஃபைலில் ‘மின் புரோட்டோகால்’ என்ற வரியில் என்டி1 (எஸ்எம்பி 1-க்கு அங்கே உள்ள பெயர்) என்று போட்டிருந்தால் வரியையே நீக்குங்கள். கெஸ்ட் நுழைவை ‘நோ’ ஆக்குங்கள். ஃபயர்வாலைத் திரும்ப இயக்கும்முன், தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குக் கட்டளை அடிக்கும் வழியில்) வேலை செய்பவர்கள் 22ஆம் போர்ட்டுக்கு அனுமதி எழுதிவிட்டு இயக்குங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். டிஸ்க் லினக்ஸ் முறையில் ஃபார்மேட் ஆனதாக இருந்தால், வீட்டார் எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்து, பகிர்ந்த இடம் முழுவதையும் அந்தக் குழுவின் பெயரில் வைத்து, ஃபோல்டர்களுக்கு மட்டும் 2770, ஃபைல்களுக்கு மட்டும் 660 கொடுங்கள். முன்னால் வரும் 2, புதிதாக உள்ளே வரும் ஃபைலும் அதே குழுவின் பெயரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே அடியில் போடாதீர்கள். ஃபைல்களுக்கு இயக்கும் அனுமதி தேவையில்லை, ஃபோல்டர்களுக்கு அது இல்லாவிட்டால் உள்ளே நுழையவே முடியாது.

இப்படிக்கு,
ஜக்கார்டு டிசைன் சென்டர் நடத்தும் வாசகி,
பொன்னம்மாப்பேட்டை, சேலம்.

பின்குறிப்பு: உங்கள் பக்கத்தில் கட்டளைகளை அச்சிடும்போது, அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகள் ஒட்டி ஒரே நீளக் கோடாகிவிடுகின்றன. அப்படியே பார்த்து அடித்தால் லினக்ஸ் ஏற்காது. அச்சுக் கோப்பவரிடம் சொல்லி வையுங்கள்.